ஓடை ஏற்றிய விளக்கு

1881-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், லண்டனில் வெளியாகிக்கொண்டிருந்த 'தி எஞ்சினீயர்' என்ற பத்திரிகைக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எழுபது வயதான ஒரு கனவான். பெயர் சர் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங். இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்து மாவட்டத்தில், ராத்பரி என்ற சிற்றூருக்குப் பக்கத்து மலைச்சரிவில் அவர் கட்டிக்கொண்ட மாளிகைக்கு 'கிராக்ஸைட்' என்று பெயர். அந்த வீட்டில் தாம் போட்டிருக்கும் மின்சார விளக்குகளைப் பற்றித்தான் கடிதம். வீட்டுக்கு விளக்கேற்றுவது பக்கத்திலுள்ள ஓர் ஓடை என்றும், அதற்காக ஒரு கைப்பிடி கரிகூட எரிவதில்லை என்றும் அவர் சந்தோஷமாகத் தெரிவித்திருந்தார்.

பணக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெருமையைப் பத்திரிகைக்கு எழுதுவது புதிதல்ல. ஆனால் இந்தக் கடிதத்தில் வெல்வெட்டுத் திரையையும் வெள்ளிப் பாத்திரத்தையும் பற்றிய பேச்சு இல்லை. இருப்பதெல்லாம் எண்கள். தண்ணீர் சுழற்றும் டர்பைன் யந்திரத்தின் சக்தி 6 குதிரைத் திறன். அது இருக்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் தூரம் 1,500 கஜம். கம்பி செம்பு; பர்மிங்ஹாம் அளவுப்படி 1-ஆம் நம்பர் கனம். போவதற்கு ஒன்று, திரும்பி வருவதற்கு அதே கனத்தில் இன்னொன்று. ஆக மின்சாரம் 3,000 கஜம் செம்பில் பயணம் செய்ய வேண்டும். வீட்டில் மொத்த விளக்குகள் 45. ஒரே சமயத்தில் எரிபவை 37-க்கு மேல் போவதில்லை.

இவ்வளவுதான். இந்த ஏழெட்டு எண்களை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஓர் எலெக்ட்ரீஷியன் நம் வீட்டுக்கு வந்தால் அவனை முழுதாக நம்பிவிடலாம். எத்தனை விளக்கு, அவற்றில் ஒன்றாக எரிபவை எத்தனை, சக்தி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் வருகிறது, கம்பி என்ன கனம்: இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் எந்த வீட்டிலும் மின்சாரம் ஒழுங்காக ஓடாது. உலகத்தில் அநேகமாக எவருக்கும் இந்தக் கேள்விகள் எழாத காலத்தில், ஒரு கிழவர் அவற்றையெல்லாம் கேட்டு விடையும் கண்டுபிடித்து வைத்திருந்தார் என்பதுதான் விஷயம்.

அவர் யார் என்பதையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஆர்ம்ஸ்ட்ராங் தொழிலால் முதலில் வக்கீல். நியூகாஸில் நகரத்தில் பத்திரங்களையும் தஸ்தாவேஜுகளையும் புரட்டிக்கொண்டிருந்தவர். 1835-ல் ஒரு நாள் மீன் பிடிக்கப் போன இடத்தில், ஓடைத் தண்ணீரில் சுழலும் ஒரு பழைய சக்கரத்தைப் பார்த்தாராம். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் பலத்தில் மிகச் சிறு பங்கைத்தான் அந்தச் சக்கரம் பயன்படுத்துகிறது, மீதியெல்லாம் வீண் என்பது அவர் மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது. மீனை மறந்தார், கொஞ்ச காலத்தில் சட்டத்தையும் மறந்தார். தண்ணீரின் அழுத்தத்தால் பாரம் தூக்கும் யந்திரங்களைச் செய்து, 1847-ல் எல்ஸ்விக் என்ற இடத்தில் தொழிற்சாலை வைத்தார். பிறகு பீரங்கிகள் செய்யத் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவருடைய கம்பெனி இரு தரப்புக்கும் பீரங்கி விற்றது. கிராக்ஸைட் மாளிகையின் கற்களில் வெடிமருந்து வாசனை சற்று வீசத்தான் செய்கிறது. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

ஆனால் இதே மனிதர்தான் 1863-ல் பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்துக்குத் தலைமை வகித்துப் பேசும்போது, இங்கிலாந்தின் நிலக்கரி எல்லையற்றதல்ல, அதை நாம் ஊதாரித்தனமாக எரித்துக்கொண்டிருக்கிறோம் என்று எச்சரித்தார். பேசிய இடமோ நியூகாஸில். கரிக்கு இருப்பிடமான ஊரில் நின்றுகொண்டு கரி தீர்ந்துபோகும் என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அதே வருஷம் ராத்பரியில் நிலம் வாங்கினார். மலைச்சரிவின் ஓடைகளுக்கு அணை போட்டு ஏரிகள் உண்டாக்கினார். முதலில் சிறு வேட்டை மாளிகையாக இருந்த கட்டடத்தை, 1869 முதல் நார்மன் ஷா என்ற கட்டடக் கலைஞர் கோபுரமும் முகப்புமாக வளர்த்துக்கொண்டே போனார்.

வீட்டுக்குள்ளே தண்ணீர் செய்யாத வேலை இல்லை. தண்ணீரின் அழுத்தத்தால் மேலும் கீழும் போகும் லிப்ட் ஒன்று. சமையலறையில் இறைச்சியை நெருப்புக்கு மேல் திருப்பிக்கொண்டிருப்பதும் தண்ணீர்தான். செடிகளுக்கு எல்லாப் பக்கமும் வெயில் படும்படி பெரிய தொட்டிகளைச் சுழற்றித் தந்ததும் அதுதான். ஓர் எஜமானருடைய விளையாட்டு என்று இவற்றைச் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலேய மாளிகைகளில் அடுப்புக் கரியை மாடி மாடியாகச் சுமந்து ஏறிய வேலைக்காரச் சிறுமிகளை நினைத்துப் பார்த்தால், அந்த லிப்ட் எனக்கு விளையாட்டாகத் தோன்றவில்லை. இப்போது கைபேசியில் விரல் வைத்தால் திரைச்சீலை விலகுகிறது, விளக்கு எரிகிறது என்று பெருமைப்படுகிறோமே, அந்த வம்சத்துக்கு மூதாதை வீடு இதுதான்.

விளக்குக்கு வருவோம். 1878-ல் ஆர்ம்ஸ்ட்ராங் தம் சித்திரக்கூடத்தில் ஆர்க் விளக்கு ஒன்றைப் பொருத்தினார். இரண்டு கரிக்குச்சிகளுக்கிடையே பொறி பாய்ந்து எரியும் விளக்கு அது. தெருவுக்கும் துறைமுகத்துக்கும் சரி. வீட்டுக்குள் வைத்தால் கண்ணைப் பறிக்கும், காதில் சீறும். நல்ல வேளையாக அவருக்குப் பக்கத்திலேயே ஜோஸப் ஸ்வான் இருந்தார். நியூகாஸில்காரர். கண்ணாடிக் குமிழுக்குள் காற்றை உறிஞ்சிவிட்டு, கரி இழையை ஒளிரச் செய்யும் விளக்கை, அமெரிக்காவில் எடிசன் செய்துகொண்டிருந்த அதே சமயத்தில் இவரும் செய்துகொண்டிருந்தார். 1880-ன் இறுதியில் ஸ்வானின் விளக்குகள் கிராக்ஸைட்டுக்கு வந்து சேர்ந்தன.

இங்கேதான் கம்பியின் கணக்கு ஆரம்பமாகிறது. பள்ளிக்கூடப் பௌதிகத்தில் நாம் எல்லோரும் படித்து, பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிட்ட கணக்குத்தான்.

வாய்க்காலில் தண்ணீர் விடுகிறோம். தலைமடையில் நிறைய ஓடுகிறது. கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியெல்லாம் மண் குடித்துவிடுகிறது. கம்பியும் அப்படித்தான். எந்தக் கம்பியும் தன் வழியே போகும் மின்சாரத்திடம் சுங்கம் வசூலிக்கிறது. கம்பி நீண்டால் சுங்கம் ஏறும், தடித்தால் குறையும். வசூலித்த சுங்கத்தை அது வெப்பமாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது. இதில் இன்னொரு பொல்லாத்தனமும் உண்டு. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. ஜூல் என்ற ஆங்கிலேயர் 1841-லேயே இதைச் சொல்லிவிட்டார்.

ஆர்ம்ஸ்ட்ராங் கொடுத்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு நாள் இரவு உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன். பர்மிங்ஹாம் 1-ஆம் நம்பர் என்றால் கம்பியின் விட்டம் அங்குலத்தில் பத்தில் மூன்று பங்கு. ஏறக்குறைய ஒரு பென்சில் கனம். 3,000 கஜம் என்றால் 2,743 மீட்டர். அவ்வளவு நீளத்துக்கும் சேர்த்து அதன் தடை ஒரு ஓம்தான் வருகிறது. ஒரு மைலைக் கடந்து ஓடும் செம்பு முழுவதற்கும் ஒரே ஒரு ஓம்!

அந்த ஒரு ஓம் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 6 குதிரைத் திறன் சுமார் 4,500 வாட். டைனமோ தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கியது போக, 3,000 வாட் கம்பியில் ஏறுகிறது என்றும், 100 வோல்ட் அழுத்தத்தில் ஏறுகிறது என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓட்டம் 30 ஆம்பியர். ஒரு ஓம் தடையில் 30 வோல்ட் போய்விடும். வீட்டுக்கு 70 வரும். மோசமில்லை. இப்போது, செலவை மிச்சப்படுத்தலாம் என்று காரியஸ்தர் ஒருவர் யோசனை சொல்லி, பென்சிலில் பாதி கனத்துக்குக் கம்பி வாங்கியிருந்தால்? விட்டம் பாதியானால் தடை நான்கு மடங்கு. 30 ஆம்பியரைத் தள்ளுவதற்குக் கம்பிக்கே 120 வோல்ட் வேண்டும். இருப்பதோ 100. ஓடை ஓடும், டர்பைன் சுழலும், டைனமோ ரீங்காரம் செய்யும். சித்திரக்கூடத்தில் இருட்டாக இருக்கும்.

அந்தச் செம்பின் எடையையும் கணக்கிட்டேன். 1,100 கிலோவுக்குக் குறையவில்லை. 37 விளக்கு எரிவதற்கு ஒரு டன்னுக்கு மேல் செம்பு! பீரங்கி விற்ற பணம் இல்லாவிட்டால் இது சாத்தியமில்லை. தூரத்தைப் பணத்தால் வென்றார் என்றுதான் சொல்ல வேண்டும்.

45 விளக்கை வைத்துக்கொண்டு 37 என்று அவர் எழுதியதும் யோசிக்கத் தக்கது. வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் குளிப்பதில்லை அல்லவா? சாப்பாட்டு அறையில் எல்லோரும் இருக்கும்போது நூலகத்தில் விளக்கு எதற்கு? அதனால் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மின்சாரத்தை மாற்றிவிட அவர் ஏற்பாடு செய்திருந்தார். இதில் சிக்கனம் மட்டும் இல்லை. தண்ணீர் விழும் வேகம் மாறாமல் இருக்க, விளக்குகளில் பாதியைத் திடீரென்று அணைத்துவிட்டால், பாரம் குறைந்த வண்டிபோல யந்திரம் பாய்ந்து ஓடத் தொடங்கும். மிச்ச விளக்குகளின் இழை அந்த வேகம் தாங்காமல் கருகிவிடும். மாற்றிவிடுவதில் அந்த ஆபத்து குறைவு.

நூலகத்து விளக்குகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. எட்டு விளக்குகளில் நான்கு, செம்பின்மேல் எனாமல் பூசிய அழகான ஜாடிகளின் தலையில் இருந்தன. ஜாடியின் உடலே செம்பு ஆனதால் அதையே ஒரு கம்பியாக்கிவிட்டார் மனிதர்! இன்னொரு கம்பி ஜாடிக்குள்ளே இறங்கி, பீடத்தில் இருந்த சிறு பாதரசக் கிண்ணத்தில் முங்கும். ஜாடியைப் பீடத்தில் வைத்தால் விளக்கு எரியும், தூக்கினால் அணையும். ஸ்விட்சு என்ற சாதனம் கடையில் கிடைக்காத நாளில் இது அபாரமான யுக்திதான். ஆனால் கையால் தூக்கும் ஜாடியில் மின்சாரம் ஓடுகிறது, மேஜைமேல் பாதரசம் தளும்புகிறது என்று கேள்விப்பட்டால் இன்றைய மின்வாரியத்து இன்ஸ்பெக்டர் அந்த இடத்திலேயே மூர்ச்சை போட்டு விழுவார்.

ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு வீட்டுக்குச் செய்ததை, ஒரு நகரத்துக்குச் செய்தாக வேண்டும் என்று அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் ஒருவர் தலையை உடைத்துக்கொண்டிருந்தார். எடிசனை நாம் விளக்கைக் கண்டுபிடித்தவர் என்று மட்டும் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறோம். அவருடைய பெரிய கவலை விளக்கல்ல, செம்புதான். நியூயார்க்கில் கேஸ் விளக்குக் கம்பெனிகள் மலிவாக வெளிச்சம் விற்றுக்கொண்டிருந்தன. கிராக்ஸைட் மாதிரி வீட்டுக்கு ஒரு டன் செம்பு புதைத்தால் எடிசன் கடையை மூடிக்கொண்டு போகவேண்டியதுதான். அவரிடம் அப்டன் என்ற கணித நிபுணர் இருந்தார். இருவருமாகக் கணக்குப் போட்டார்கள். ஸ்வானின் ஆரம்பகால விளக்குகளில் கரி தடிமன், தடை குறைவு, ஆகவே ஓட்டம் அதிகம் கேட்டன. எடிசன் இழையை மயிரிழையாக மெலிய வைத்துத் தடையை உயர்த்தினார். விளக்கு குறைவாக ஓட்டம் கேட்டது, கம்பி மெலிந்தது. விளக்கின் இழையையே கம்பியின் விலை தீர்மானித்தது என்பது விசித்திரமான உண்மை.

அப்படியும் போதவில்லை. மரத்தின் அடிமரம்போலத் தொடங்கிக் கிளைகிளையாக மெலியும் கம்பியமைப்பில், யந்திரத்துக்குப் பக்கத்து வீட்டில் விளக்கு பிரகாசமாகவும் தெருக்கோடி வீட்டில் மங்கலாகவும் எரியும். இருவரிடமும் ஒரே கட்டணம் எப்படி வாங்குவது? 1880-ல் எடிசன் ஒரு வழி கண்டார். தெருவில் விளக்குகளுக்கென்று ஒரு கம்பிவலை. அந்த வலையின் பல இடங்களுக்கு, யந்திரசாலையிலிருந்து நேராக வரும் தனித்தனி ஊட்டுக் கம்பிகள். வழியில் ஊட்டுக் கம்பியில் எந்த விளக்கும் கிடையாது. சுங்கம் எல்லாம் ஊட்டுக் கம்பியோடு போய்விடும். வலைக்குள்ளே எல்லா வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே அழுத்தம். வேண்டிய செம்பு ஏழெட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. 1882 செப்டம்பர் 4-ஆம் தேதி பிற்பகல், பேர்ல் தெருவில் யந்திரம் ஓடத் தொடங்கி, வால் தெரு வட்டாரத்தில் சுமார் 400 விளக்குகள் எரிந்தன. மறு வருஷம் ஜூலையில் பென்ஸில்வேனியாவின் ஸன்பரி என்ற ஊரில் மூன்று கம்பி முறையைக் கொண்டுவந்து, மிஞ்சிய செம்பிலும் பாதிக்கு மேல் மிச்சப்படுத்தினார். அதே யோசனை இங்கிலாந்தில் ஹாப்கின்ஸனுக்கும் தனியாக உதித்திருந்தது.

இந்தக் கணக்கையெல்லாம் சட்டை செய்யாமல் கம்பி இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்கப் பெரும் பணக்காரரான ஜே.பி. மார்கனின் வீட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. மாடிஸன் அவென்யூவில் 219-ஆம் எண் வீடு. 1882-ல் எடிசன் விளக்குகள் போடப்பட்டன. குதிரை லாயத்துக்கு அடியில் யந்திரம். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். பிற்பகல் 3 மணிக்கு வருவார், இரவு 11 மணிக்குப் போவார். அவர் போனால் வெளிச்சமும் போயிற்று. விருந்தினர் சீட்டாட்டத்தின் நடுவில் இருட்டில் தடவிக்கொண்டிருப்பார்கள். யந்திரத்தின் அதிர்ச்சியில் தன் வீடு ஆடுகிறது என்று அடுத்த வீட்டு அம்மாள் புகார் செய்தாள். இவையெல்லாம் சிரிப்புக்குரியவை. ஆனால் நூலகத்தில் மார்கனின் மேஜை விளக்குக்காகக் கம்பளத்துக்கு அடியில் ஒரு கம்பி இழுத்திருந்தார்கள். ஒரு நாள் இரவு, வீட்டார் வெளியே போயிருந்த சமயத்தில் அது தீப்பிடித்து, மேஜையும் கம்பளமும் கருகிவிட்டன. மார்கன் மின்சாரத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை. மறுபடியும் சரியாகப் போடச் சொன்னார். எடிசன் கம்பெனியில் அவருடைய பணமும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது!

அதே 1882-ல் லண்டனில் தந்திப் பொறியாளர் சங்கம், மின்விளக்கால் தீ விபத்து நேராதிருக்க விதிகள் எழுதி வெளியிட்டது. இங்கிலாந்தின் வயரிங் விதிகளுக்கெல்லாம் அதுதான் ஆதி. அதற்கு முந்தின வருஷம், யார்க் நகரத்தில் நடந்த விஞ்ஞான சங்கக் கூட்டத்தில் சர் வில்லியம் தாம்ஸன், பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர், கம்பிக்கு எவ்வளவு கனம் போதும் என்பதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். கம்பி தடிக்கத் தடிக்கச் செம்பில் முடங்கும் பணத்துக்கு வட்டி ஏறுகிறது. மெலிய மெலிய வெப்பமாக வீணாகும் மின்சாரத்தின் விலை ஏறுகிறது. வருஷ வட்டியும் வருஷ நஷ்டமும் எங்கே சமமாகின்றனவோ, அங்கே நிறுத்து என்றார். அவர் பெரிய விஞ்ஞானி என்பதோடு, நம் ஊர்ச் செட்டியார்களோடு உட்கார்ந்து பேசத் தகுந்தவர் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது வழி ஒன்று பாக்கி இருந்தது. செம்பைத் தடிக்க வைப்பதற்குப் பதில் அழுத்தத்தை உயர்த்திவிட்டால்? பத்து மடங்கு வோல்ட் என்றால் அதே சக்திக்குப் பத்தில் ஒரு பங்கு ஓட்டம். வழியில் வீணாவது நூறில் ஒரு பங்கு. 1886 மார்ச் மாதம் மாஸச்சூஸெட்ஸில் கிரேட் பாரிங்டன் என்ற ஊரில், வில்லியம் ஸ்டான்லி என்பவர் 500 வோல்ட்டில் மாறுமின்சாரத்தை அனுப்பி, வீடுகளின் அருகே டிரான்ஸ்பார்மரால் 100 ஆக இறக்கிக் காட்டினார். எடிசனின் 110 வோல்ட் நேர்மின்சாரம் ஒரு மைலைத் தாண்டத் திணறிக்கொண்டிருந்தது. அப்புறம் நடந்த போட்டியும் சண்டையும் பெரிய கதை; அதற்குள் இப்போது போகவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று நினைக்கிற நேயர்கள், புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் கூடத்தில் அண்ணாந்து பார்க்கட்டும். கூரையோரத்தில் ரிப்பன் மாதிரி ஒளிரும் எல்.இ.டி. விளக்கு, ஆள் நுழைந்தால் தானே எரியும் சாதனம், கதவுக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று. இவற்றில் பல 12 வோல்ட்டில் ஓடுபவை. என் நண்பர் ஒருவர் வீட்டில் அலமாரிக்குள் ஒரு சிறு பவர் சப்ளைப் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து 15 மீட்டர் தள்ளி 60 வாட் விளக்கு ரிப்பன். வயர் ஒரு சதுர மில்லிமீட்டர். அந்த விளக்கு அழுதுகொண்டேதான் எரிந்தது. பெட்டியில் கோளாறு என்றார் கடைக்காரர். இன்னும் பெரிய பெட்டி வாங்கச் சொன்னார். பெட்டியில் என்ன கோளாறு? 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 ஆம்பியர். போகவர 30 மீட்டர் வயரின் தடை அரை ஓமுக்குச் சற்று மேல். வழியிலேயே இரண்டரை வோல்ட்டுக்கு மேல் போய்விடுகிறது. 12-ல் இரண்டரை! இதே 60 வாட் 230 வோல்ட்டில் போயிருந்தால் கால் ஆம்பியர்தான். இழப்பு கண்ணுக்கே தெரியாது. 5 ஆம்பியர் பெட்டிக்குப் பதில் 10 ஆம்பியர் பெட்டி வைத்தாலும் கடைமடைக்கு வருவது அதே ஒன்பதரை வோல்ட்தான்.

நண்பருக்கு மூன்று வழிகள் இருந்தன. வயரை 4 சதுர மில்லிமீட்டராக்கலாம். அது ஆர்ம்ஸ்ட்ராங் வழி. விளக்கின் நடுவுக்கும் கடைசிக்கும் பெட்டியிலிருந்து தனித்தனியே வயர் கொண்டுபோகலாம். அது எடிசன் வழி. 24 வோல்ட் விளக்கும் பெட்டியும் வாங்கலாம், அல்லது 230-ஐயே விளக்கின் பக்கம்வரை கொண்டுபோய் அங்கே 12 ஆக இறக்கலாம். அது ஸ்டான்லி வழி. 1886-க்குப் பிறகு நான்காவது வழி ஒன்றை இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நண்பர் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துக் கூரைக்குள்ளே விளக்கின் பக்கத்தில் வைத்துவிட்டார். விளக்கு இப்போது சிரித்துக்கொண்டு எரிகிறது.

ஆர்ம்ஸ்ட்ராங்கும் முதல் ஏற்பாட்டோடு நின்றுவிடவில்லை. விளக்குகள் பெருகின, 6 குதிரைத் திறன் போதவில்லை. 1886-ல் பர்ன்புட் என்ற இடத்தில் பெரிய மின்சாலை கட்டினார். 1887-ல் பிரபுப் பட்டம் பெற்றார். 1900-ல் காலமானார். வாரிசுகள் கையிலிருந்த மாளிகை 1977-ல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறநிலையத்திடம் வந்தது. 2014-ல் அவர்கள் அங்கே, 17 மீட்டர் நீளமுள்ள ஆர்க்கிமிடீஸ் திருகு ஒன்றைத் தண்ணீரில் நிறுத்தினார்கள். தண்ணீரை மேலே ஏற்றுவதற்கென்று பிறந்த திருகு அது; அங்கே தண்ணீர் அதன் வழியே கீழே இறங்கி அதைச் சுழற்றுகிறது. ஓடை மறுபடியும் விளக்கேற்றுகிறது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் மாளிகையை மூடி, வீடு முழுவதும் பழைய வயர்களை உருவி எடுத்துப் புதிதாகப் போட்டார்கள். மற்ற பராமரிப்பு வேலைகளும் சேர்ந்துகொண்டதில், 2007-ல் கதவு மறுபடி திறப்பதற்கு 18 மாதம் ஆகிவிட்டது.